ஒற்றைச் சிறகுத் தாரா

நம் வயதுக்காரர்கள் மூன்று பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் மாத்திரையில்தான் வந்து முடிகிறது. யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்கு முட்டி போயிற்று, யார் வீட்டு மருமகள் உப்பைக் குறைத்தே ஆளைக் கொல்கிறாள். போன வாரம் பூங்கா பெஞ்சில் எனக்கு மூச்சு முட்டி, பையிலிருந்து அந்த நீலக் குழலை எடுத்து உறிஞ்சினேன். உடனே நீங்கள் நாலு பேரும், "அட, உங்களுக்குமா?" என்று அவரவர் குழலை எடுத்துக் காட்டினீர்கள். கல்யாண வீட்டில் நகையைக் காட்டுவது மாதிரி. வீட்டுக்கு வந்து அதை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு என் அம்மா ஞாபகம் வந்து கொஞ்சம் அழுதேன்.

அம்மாவுக்கு இந்தக் குழல் கிடைக்கவில்லை. அவள் பிழைத்தது வேறு விதம். மாத்திரைப் பேச்சை ஒரு நாளைக்கு நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள்.

யுத்த காலம். எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. பழங்காநத்தத்தின் இன்றைய நெரிசலை மறந்துவிடுங்கள். அன்றைக்கு எங்கள் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. பின்கதவைத் திறந்தால் வயல், வயலைத் தாண்டினால் கண்மாய்க் கரை. அப்பாவுக்கு ரயிலடியில் குமாஸ்தா வேலை. காலையில் சைக்கிளில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். வீட்டை ஆண்டது அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமான ஐந்தாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிட்டவள். அவள் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நின்று என்னைக் கூப்பிட்டால் கண்மாயில் மாடு குளிப்பாட்டுகிறவர்கள், "பாப்பா, ஒங்க அத்தை கூப்பிடுது" என்பார்கள்.

அம்மாவுக்கு இழுப்பு. முன்பெல்லாம் மழைக்காலத்தில் இரண்டு நாள் வரும், போகும். அந்த வருஷம் ஐப்பசி மழையோடு வந்தது போகவே இல்லை. படுத்தால் மூச்சு விட முடியாது. கட்டிலில் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். நெஞ்சுக்குள் கதவு கிறீச்சிடுவது மாதிரி சத்தம் கேட்கும். "கண்மாய்க் காத்து ஆகாது" என்று அத்தை பின்பக்கத்துச் சன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணியைத் திணித்துவிட்டாள். காதில் பஞ்சு, தலையில் துண்டு. காலையும் மாலையும் தணலில் சாம்பிராணி அள்ளிப் போட்டு, அந்தப் புகையைக் கட்டிலைச் சுற்றிக் காட்டுவாள். புகைக்குள் அம்மாவின் முகம் தெரியாது, இருமல்தான் கேட்கும். "வெளிய வருது பாரு சளி" என்று அத்தை இன்னும் ஒரு பிடி போடுவாள். இப்போது என் டாக்டர், "பாட்டி, ஊதுபத்திகூடக் கொளுத்தாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். ஐயோ, நாங்கள் அவளைப் புகையில் போட்டு அவித்துக்கொண்டிருந்தோமே!

அம்மா வாடிப்பட்டிப் பக்கம் பிறந்தவள். அவள் வீடும் ஒரு கண்மாய்க்கரை வீடு. மற்றப் பெண்கள் கோயிலுக்குப் போவது மாதிரி அவள் அடுப்பு வேலை முடிந்ததும் கரைக்குப் போய் நிற்பாள். கார்த்திகையில் தண்ணீர் நிரம்பியதும் பறவைகள் வரத் தொடங்கும். எது வந்தது, எது இன்னும் வரவில்லை என்று சொந்தக்காரர்களை எதிர்பார்ப்பது போலப் பார்த்திருப்பாள். அந்த வருஷம் நிற்க முடியவில்லை. அதனால் என்னை அனுப்பினாள்.

"என்னா வந்திருக்கு?" என்பாள் நான் திரும்பியதும்.

"சிறகி."

"எம்புட்டு?"

"கண்மாய் பூராவும்மா. நாமக்கோழியும் இருக்கு. கூழைக்கடா ரெண்டு."

"உள்ளான்?"

"அது நெறய. நடுத்தண்ணியில நீந்திக்கிட்டு இருந்துச்சு."

அம்மா மூச்சுக்கு நடுவே முறைப்பாள். "கரைக்கே போகலடி நீ. எங்கயோ புளியம்பழம் பொறக்கிட்டு வந்திருக்க. உள்ளான் ஓரத்துச் சேத்துல ஓடும். என்னைக்குடி அது நீந்துச்சு?"

திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அப்புறம் நான் பொய் சொல்லவில்லை. சேற்று வாசமும் கோரைப்புல்லும் முழங்கால் வரை ஒட்ட, நிஜமாகவே பார்த்துவிட்டு வந்து சொன்னேன். சிறகி வாத்துகள் கூட்டங்கூட்டமாக மிதக்கும். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழி ஒன்றையொன்று விரட்டும். முக்குளிப்பான் இங்கே மூழ்கி எங்கேயோ எழும்பும். நான் சொல்லச் சொல்ல அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி: "பட்டைத் தாரா வரல?"

பட்டைத் தாரா என்பது பெரிய காட்டு வாத்து. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பிடரிக்கு மேலே ரிப்பன் கட்டியது போல இரண்டு கறுப்புப் பட்டை. வடக்கே மலைகளுக்கு அப்பாலிருந்து வருகிறதாம். மார்கழியில் வந்து பங்குனியில் போய்விடும். பழைய மோட்டாரின் ரப்பர் ஆரனை அமுக்கியது போலக் கத்தும்.

அது வந்த சாயங்காலத்தை எப்படி மறப்பேன்? ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் பயந்துகிடந்த சமயம். வடக்கு வானத்தில் ஒரு கூட்டம், நடுவில் வளைந்த கோடாக வந்தது. தெருவில் யாரோ, "ஏரோப்ளேன்டோய்!" என்று கத்தினான். அத்தை என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் நுழைந்துகொண்டாள். தலைக்கு மேலே "ஆங்க்... ஆங்க்..." என்று சத்தம் போனது. கட்டிலின் மேலிருந்து அம்மா நிதானமாகச் சொன்னாள்:

"மதினி, ஏரோப்ளேன் இப்பிடிக் கத்தாது. பட்டைத் தாரா வந்துருச்சு."

"எதுவா இருந்தா என்னா?" என்றாள் அத்தை அடியிலிருந்து. "நீ பேசாம இருத்தா. பேசுனா இழுக்கும்."

தை பிறந்தபோது அம்மா எலும்பும் தோலுமாக இருந்தாள். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். அத்தை கதவை மறித்து நின்றாள். "என் வீட்டுக்காரரையும் அங்கதான் தம்பி கொண்டு போனோம். நான் வெறுங்கையோடதான திரும்பி வந்தேன்." அவரைக் கடைசி நாளில் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள் என்பதும், ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது என்பதும் பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அப்பா தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்தார்.

செல்லூரிலிருந்து நாட்டு வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார். பட்டைத் தாராவின் கொழுப்பை உருக்கி நெஞ்சில் தடவ வேண்டும். கறியை மிளகு போட்டு ரசமாக்கிக் கொடுக்க வேண்டும். பறவைக்கு எலும்பு உடைந்திருக்கக் கூடாது, ரத்தம் சிந்தியிருக்கக் கூடாது. மருந்தைத் தேய்பிறை ஞாயிற்றுக்கிழமையில்தான் செய்ய வேண்டும். வாசலுக்கு வந்த பிறகு குரலைத் தாழ்த்தி அத்தையிடம், "இந்தப் பங்குனி தாண்டிட்டாள்னா பொழச்சுக்கிருவா தாயி" என்றார்.

"தாண்டலைன்னா?" என்றாள் அத்தை.

அவர் குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் ஓடிப்போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டேன்.

கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவர் ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தாராவைக் கொண்டுவந்தார். அவருக்குத் துட்டு வேண்டாம், யுத்தத்தில் துட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பாத்திரமாகக் கொடுங்கள் என்றார். அத்தை உள்ளே போய்த் தன் பித்தளைச் செம்பை எடுத்து வந்தாள். செத்துப்போன மாமாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டிய செம்பு. நான் தொட்டாலே கையில் அடிப்பாள். அதை யோசிக்காமல் அவர் கையில் கொடுத்தாள்.

"காலக் கீல ஒடிக்கலயே?"

"ஒரு கீறல் இல்ல ஆத்தா. பறந்துராம இருக்க வலது ரெக்கையில பெரிய இறகு அம்புட்டையும் பிடுங்கிட்டேன். வெட்டியிருந்தா சீக்கிரம் மொளைக்காது. பிடுங்குனா ரெண்டு மாசத்துல வந்துரும். ஒங்களுக்குத்தான் அம்புட்டு நாள் வேண்டாமே."

அந்த வாரத்து ஞாயிறு வளர்பிறை. அதற்கடுத்த ஞாயிறுதான் தேய்பிறை. அதனால் ஒன்பது நாள் அந்தத் தாரா எங்கள் வீட்டு விருந்தாளி. கிணற்றடியில் கோழி மூடுகிற பெரிய பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே அம்மிக்கல்லை வைத்தாள் அத்தை. முதல் இரண்டு நாள் அது எதையும் தொடவில்லை. "மெலிஞ்சு போனா கொழுப்புக்கு எங்க போறது?" என்று அத்தை புலம்பிக்கொண்டே, கரையிலிருந்து அறுகம்புல் பிடுங்கி வரச் சொன்னாள். அவளே குருணை அரிசியை ஊறவைத்துப் பஞ்சார ஓட்டை வழியாகப் போட்டு, "இந்தா, தின்னு, ஏய், தின்னுங்குறேன்ல!" என்று அதட்டினாள். மூன்றாம் நாள் தின்றது. எங்கள் வீட்டில் அத்தை அதட்டித் தின்னாத ஜீவன் கிடையாது.

சாயங்காலம் கூட்டம் வயலுக்கு மேய எழும்பி எங்கள் கூரைக்கு மேலே போகும். பஞ்சாரத்துக்குள்ளிருந்து இது கழுத்தை நீட்டிக் கூப்பிடும். மேலேயிருந்து ஒன்று பதில் சொல்லும். பிறகு சத்தம் தேய்ந்து போகும். இது மட்டும் ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சாத்திய சன்னலுக்கு இந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து கேட்பாள்.

"அதுக்கு மூச்சு எம்புட்டு நீளமா வருது பாத்தியாடி?" என்றாள் ஒரு நாள்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் காலை மருந்து. அத்தைக்குச் சனிக்கிழமை விரதம். வெறும் வயிற்றோடு மண்ணெண்ணெய் வரிசைக்குப் போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்தபடி கிணற்றடிக்கு வந்து நின்றாள். அவள் அவ்வளவு தூரம் நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அம்மிக்கல்ல எறக்கு. அதத் தூக்கிட்டு வா. கண்மாய்க்குப் போறோம்."

நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட கதைகளில் குழந்தைதான் பறவையைத் திறந்துவிடும், பெரியவர்கள் தடுப்பார்கள். நான் அப்படிப்பட்ட குழந்தை இல்லை. எனக்கு அந்தத் தாராவைப் பிடிக்கும், ஆனால் எனக்கு அம்மா வேண்டும். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வேண்டாம்மா. நாளைக்கு மருந்து. அத விட்டா நீ செத்துருவ."

"அது மூச்ச நிறுத்தி எனக்கு மூச்சு வேண்டாம்டி" என்றாள் அம்மா. "தூக்கு."

பழைய சேலைத்துணியில் சுற்றித் தூக்கினேன். கனமாக இருந்தது, சூடாக இருந்தது. என் நெஞ்சோடு அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. வீட்டிலிருந்து கரை கூப்பிடு தூரந்தான். அதற்குள் அம்மா ஐந்து இடத்தில் உட்கார்ந்தாள். புளியமரத்தடி, களத்துமேடு, வாய்க்கால் பாலம், வரப்பு, மடைக்கல். கரைமேல் ஏறும்போது கையை ஊன்றித் தவழ்ந்தாள்.

தண்ணீர் ஓரத்தில் துணியை அவிழ்த்தேன். அது ஓடியது, சிறகை விரித்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வலது பக்கம் இறகே இல்லையே! எழுந்து தண்ணீரில் இறங்கித் தன் கூட்டத்தைப் பார்த்து நீந்திப் போயிற்று. அம்மா கரையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். காதிலிருந்த பஞ்சு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. காற்று அவள் முகத்தில் நேராக அடித்தது. எனக்கு அது அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் நெஞ்சில் அந்தக் கிறீச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

நாங்கள் திரும்பியபோது அத்தை காலிப் பஞ்சாரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த மண்ணெண்ணெய்ப் பாட்டில் நழுவி விழுந்து உடைந்தது. கிணற்றடி முழுக்க அந்த நாற்றம்.

"கொன்னுட்டியேடி! ஒன்னைய நீயே கொன்னுக்கிட்டியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்னை ஓங்கி ஒரு அறை விட்டாள். அம்மா படியில் உட்கார்ந்து, மூச்சை வாங்கி வாங்கிச் சொன்னாள்:

"அவள அடிக்காதீங்க மதினி. நான்தான் விட்டேன். அதுக்கு ரெக்க மொளைக்கும். அது பறக்குற அன்னைக்கு நான் அடுப்படிக்கு வந்து, என் கையால ஒங்களுக்குச் சோறு பொங்கிப் போடுவேன். அதுவரைக்கும் என்னைய ஒண்ணும் கொண்டு போயிராது."

"அத நாயும் நரியும் விட்டு வைக்குமாக்கும்!"

"பாப்போம்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அத்தை எங்கள் இரண்டு பேரிடமும் பேச்சை நிறுத்திவிட்டாள். சாம்பிராணியும் நின்றது, கோபத்தில்தான் நிறுத்தினாள், புண்ணியவதி. அப்பா மறுநாள் காலையில் சன்னல் இடுக்கிலிருந்த பழந்துணியை உருவி எறிந்துவிட்டு வேலைக்குப் போனார்.

அம்மா தினமும் காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனாள். தாரா இருக்கிறதா என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. ஐந்து இடத்தில் உட்கார்ந்தவள், தை முடிவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் மேயப் பறந்துபோகும். ஒற்றைச் சிறகுக்காரி மட்டும் தண்ணீரில் தனியாக நிற்பாள். ஓரத்தில் கோரையைக் கடிப்பாள். வலது சிறகில் முள்ளு முள்ளாக நீலக் குருத்து தெரிந்த நாளில் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அந்த மாதங்களில் அத்தைக்கு விரதம் கூடிப்போயிற்று. சனிக்கிழமையோடு செவ்வாய் சேர்ந்தது. பிறகு வெள்ளி. பிறகு திங்கள். அரிசி கிடைக்காத காலம், ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து பொங்கிய வீடு. தன் பங்கைக் கோயிலில் சேர்ப்பதாகச் சொல்லி விடியற்காலையில் முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். "அக்கா, வாரம் பூரா விரதம்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார் அப்பா. "சாமிக்குத்தான தம்பி" என்று முடித்துவிட்டாள். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல்தான் இந்த நடிப்பு என்று நான் நினைத்தேன். அறை வாங்கிய கன்னம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாசியில் ஒரு நாள் கரையில் பிய்ந்த இறகுகள் கிடந்தன. நாய்க்கால் தடம் சேற்றில் பதிந்திருந்தது. தாராவைக் காணோம். அம்மா வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிச் சாய்ந்துகொண்டாள். மறுநாளும் எழவில்லை. கிறீச்சுச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. நான் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைத்தியர் சொன்ன பங்குனியை விரல்விட்டு எண்ணினேன். அந்த இரண்டு நாளும் அத்தை கோயிலிலிருந்து வரும்போது சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. குதிகாலில் கருவேல முள் ஏறி, துணி கட்டியிருந்தாள். கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அத்தை அடுப்படியிலிருந்து, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மடைக்கு அங்கிட்டு கோரைக்குள்ள என்னமோ கெடந்து கத்துது. ஒரே தலவலியா இருக்கு. போய் என்னான்னு பாக்குறவுக பாருங்க."

அம்மா எழுந்தாள். கோரைக்குள் தாரா உட்கார்ந்திருந்தது. வால்பக்கம் கொஞ்சம் இறகு போயிருந்தது, அவ்வளவுதான். அம்மா அதைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பங்குனி பிறந்தது. கண்மாய் நாலு பக்கமும் சுருங்கி, பறவைகள் எல்லாம் நடுவில் நெருக்கியடித்தன. சிறகிகள் ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிவிட்டன. பட்டைத் தாராக்கள் காலையும் மாலையும் கிளம்பிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கின. எங்கள் தாராவும் தண்ணீரின் மேல் ஓடிச் சிறகடித்துப் பார்க்கும். ஒரு பனை உயரம் எழும்பும், பிறகு தொப்பென்று விழும். அம்மா ஒரு இடத்திலும் உட்காராமல் கரைக்கு வந்துவிடுவாள். அதை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஒரு நாள் பார்த்துக்கொண்டே நேரம் போனது தெரியவில்லை. பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. கண்மாயே அதிர்ந்தது.

"ஏய், இந்தா! எம்புட்டு நேரம்! கஞ்சி ஆறிப் போச்சு, வாங்க!"

நாமக்கோழியெல்லாம் சிதறி ஓடின. நடுத்தண்ணீரில் கூட்டத்தோடு இருந்த எங்கள் தாரா கழுத்தை நிமிர்த்தியது. கூட்டத்தை விட்டு விலகியது. நேராகக் கரையைப் பார்த்து நீந்தி வந்து, சேற்றில் ஏறி, என்னையும் அம்மாவையும் தாண்டி, ஆடி ஆடி நடந்து போய் அத்தையின் காலடியில் நின்றது. அவள் முந்தானை முடிச்சை அலகால் பிடித்து இழுத்தது.

"சீ, போ சனியனே! போங்குறேன்ல!" அத்தை சேலையைப் பிடுங்கினாள். முடிச்சு அவிழ்ந்து குருணை அரிசி சேற்றில் கொட்டியது. தாரா நிதானமாகப் பொறுக்கத் தொடங்கியது.

நான் வாயைப் பிளந்து நின்றேன். விரதம், கோயில், நனைந்த சேலை, குதிகால் முள் எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அம்மா அத்தையைப் பார்த்தாள், தாராவைப் பார்த்தாள், சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். முன்பெல்லாம் பாதிச் சிரிப்பிலேயே இருமல் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை.

"என்னாடி சிரிப்பு?" அத்தை கத்தினாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நீ பாட்டுக்கு ஒரு வார்த்தைய சொல்லிட்ட. அது பறக்குற அன்னைக்குத்தான் எந்திரிப்பேன்னு. அப்புறம் அத நாய்க்குக் குடுத்துட்டு நான் ஒன்னையத் தூக்கிச் சுடுகாட்டுக்கு அனுப்பவா? ஒருத்தரக் குடுத்தது எனக்குப் போதும்த்தா."

அம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். நடுவில் மாட்டிக்கொண்ட தாரா கோபத்தில் என் முழங்கையைக் கொத்தியது.

அம்மா அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். அவள் பிழைத்தது காற்றாலா, நடந்ததாலா, புகை நின்றதாலா, உங்களில் யாராவது டாக்டர் பிள்ளையைக் கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அத்தை பட்டினி கிடந்து அந்தத் தாராவைக் காப்பாற்றினாள், அம்மா அதைப் பார்க்க நடந்தாள். எனக்கு அது போதும். அத்தையிடம் நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம் வீடுகளில் அதெல்லாம் யார் சொன்னார்கள்? மாமாவின் பெயர் வெட்டிய அந்தச் செம்பை மட்டும், பெரியவளானதும் பாத்திரக்கடை பாத்திரக்கடையாகத் தேடினேன். கிடைக்கவில்லை. இப்போதும் பழைய பித்தளைச் செம்பைக் கண்டால் கழுத்துப் பக்கம் திருப்பிப் பார்க்கிறேன்.

தாரா பறந்தது பங்குனிக் கடைசியில், ஒரு காலை. நாங்கள் மூன்று பேரும் கரையில் இருந்தோம். கூட்டம் சத்தத்தோடு எழும்பியது. எங்கள் தாரா கடைசியாக ஓடி, ஓடி, தண்ணீரைக் காலால் உதைத்து எழும்பியது. பனைக்கு மேலே போனது. விழவில்லை. புது இறகு மட்டும் வெயிலில் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றி வடக்கே திரும்பியபோது எது எங்களுடையது என்று அடையாளம் போய்விட்டது. அத்தை நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஊர் போய்ச் சேரு" என்றாள். கண்மாயில் எங்கும் கேட்காத அளவுக்கு மெதுவாக அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள். நான் விறகு எடுத்துக் கொடுத்தேன். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் கையால் பொங்கிய சோறு. மத்தியானம் அத்தைக்கு இலை போட்டாள். சோற்று அகப்பையைக் கையில் எடுத்த பிறகுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"மதினி, இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே. ஒங்களுக்கு விரதம்ல?"

அத்தை இலையில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தாள்.

"பசிக்குது" என்றாள். "போடுடி."